நேராக்கிய சுருள்முடியும் தலை கழுவும் நாளும்: வாசகியர் கேள்வி – பதில்

மழைக்காலம் தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி தலைமுடி பற்றியதாகவே இருக்கும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியிருந்தன. பிறப்பில் சுருளாகவோ அலையாகவோ உள்ள முடியை, இரசாயனம் எதுவும் பூசாமல், சூட்டினால் மட்டும் நேராக்கி வைத்துக்கொள்ளும் பெண்கள் அதை எப்படிக் கழுவுவது, எப்படிப் பதப்படுத்துவது என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளை ஒதுக்கிவைத்து, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு இருபத்தாறு வயது. வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில். பிறப்பிலேயே சுருள்முடி. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் செலவழித்து அயர்ன் பண்ணி நேராக்குகிறேன். கழுவினால் எல்லாம் வீணாகிவிடும் என்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு நாள் வரை தலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறேன். காலையில் கலைந்திருக்கும் இடங்களை மட்டும் மீண்டும் அயர்ன் பண்ணுவேன். இப்போது உச்சந்தலை அரிக்கிறது. நுனியோ விளக்குமாறு போலாகிவிட்டது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படிக் கழுவ வேண்டும்?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: கழுவினால் வீணாகிவிடும் என்ற அந்தப் பயத்திலிருந்துதான் உங்கள் தொல்லைகள் எல்லாமே தொடங்குகின்றன, தங்கச்சி. ஆகையால் முதலில் அதைப் பற்றியே பேசுகிறேன்.

முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகையை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று ஐதரசன் பிணைப்பு. இது பலவீனமானது, தண்ணீர் பட்டால் விட்டுவிடும், காயும்போது மீண்டும் பிடித்துக்கொள்ளும். மற்றது இருசல்பைட்டுப் பிணைப்பு. இது வலுவானது, உங்கள் முடி சுருளாகவே இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தண்ணீருக்கு அசையாது. அயர்ன் செய்யும்போது முதல்வகைப் பிணைப்புகளை மட்டும் அவிழ்த்து, முடியை நேராக இழுத்த நிலையில் மீண்டும் கட்டிவிடுகிறோம். ஆகவே நீங்கள் இரண்டு மணித்தியாலம் உழைத்துப் பெறுகிற நேர்த்தன்மை அடுத்த ஈரம் வரைக்கும்தான். காலி வீதியில் இறங்கி நடக்கும்போது கடல் பக்கமிருந்து வருகிற காற்றே ஈரமாக இருக்கிற இந்த ஊரில், தண்ணீரைத் தவிர்ப்பதனால் அந்த நேர்த்தன்மையைப் பன்னிரண்டு நாள் காப்பாற்ற முடியாது. அதைக் காப்பாற்றுவது ஈரமில்லாத தலை அல்ல, ஒவ்வொரு நாள் காலையும் நீங்கள் மீண்டும் வைக்கிற சூடு.

அந்தச் சூட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறு ஒருமுறைதான் அயர்ன் பண்ணுகிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஆனால் நெற்றியோரத்து முடியும் காதோரத்து முடியும் பன்னிரண்டு நாளில் பன்னிரண்டு முறை சூடு வாங்கியிருக்கின்றன. அதுவும் வியர்வை, தூசி, தலை சுரக்கும் எண்ணெய் எல்லாவற்றோடும் சேர்த்து. உச்சந்தலை அரிப்புக்கும் இதே கணக்குத்தான். நம் எல்லோருடைய தலைத்தோலிலும் மலசீசியா என்ற ஒரு பங்கசு இயல்பாகவே வாழ்கிறது. தலை சுரக்கும் எண்ணெய்தான் அதற்கு உணவு. பன்னிரண்டு நாள் அந்த எண்ணெய் தேங்கினால் அரிப்பும் பொடுகும் வருவது வியப்பல்ல. எனவே ஏழு நாளுக்கு ஒருமுறை கட்டாயம் கழுவுங்கள். வியர்வை கூடிய தலையென்றால் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை. ஒழுங்காகக் கழுவத் தொடங்கி ஒரு மாதமாகியும் அரிப்பு நிற்காவிட்டால், பங்கசுவுக்கு எதிரான கீட்டோகொனசோல் மருந்து சேர்ந்த ஷாம்புவை அல்லது தோல் வைத்தியரை நாட வேண்டும்.

இனிக் கழுவும் முறை. இதை நான் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் முடி முறிவது பெரும்பாலும் இந்த அரை மணித்தியாலத்தில்தான். நனைப்பதற்கு முன், உலர்ந்த முடியை விரலால் சிக்கெடுத்து நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். தலை முழுவதையும் உச்சியில் குவித்து நுரை தேய்க்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சுருள்முடியில் அது முடிச்சைத் தவிர வேறொன்றையும் தராது. ஷவரின் கீழ் இரண்டு நிமிடம் நின்று முழுவதும் நனையுங்கள். ஷாம்புவை அப்படியே ஊற்றாமல், ஒரு கோப்பைத் தண்ணீரில் கலக்கி, பின்னல்களுக்கு இடையே தெரியும் தலைத்தோலில் மட்டும் விட்டு, நகம் படாமல் விரல்நுனியின் சதையால் தேய்க்க வேண்டும். நுனிக்குத் தனியாக ஷாம்பு வேண்டாம், அலசும்போது வழிந்து இறங்குகிற நுரையே அதற்குப் போதும். முதல் முறை நுரை வராவிட்டால் எண்ணெயும் அழுக்கும் இன்னும் இருக்கின்றன என்று பொருள். இரண்டாவது முறை தலைத்தோலுக்கு மட்டும் போடுங்கள்.

அடுத்து, பலர் செய்யாத ஒரு சிறு காரியம்: கண்டிஷனர் போடுவதற்கு முன் முடியைக் கையால் பிழிந்து தண்ணீரை இறக்குங்கள். சொட்டச் சொட்ட இருக்கிற முடியில் போட்ட கண்டிஷனர் பாதி தண்ணீரோடு போய்விடும். காது மட்டத்திலிருந்து கீழே நுனி வரை தடவி, பின்னலை அவிழ்த்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல் நோக்கிச் சிக்கெடுத்து, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். போதுமான அளவு அலசியாயிற்றா என்பதைக் காதால் அறியலாம். ஒரு கற்றையை இரு விரலுக்கிடையில் பிடித்து இழுக்கும்போது வழவழவென்று நழுவினால் இன்னும் மிச்சம் இருக்கிறது. ‘கீச்’ என்று சத்தமிட்டால் எல்லாம் போய்விட்டது. ஓசையில்லாமல் மெதுவாக விரலை விட்டு விலகினால் அதுவே சரியான பதம். துவாயால் தேய்க்காமல், பழைய பருத்திச் சட்டையொன்றால் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

உலர்த்துவதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, உறவினர் ஒருவரின் கலியாணத்துக்கு முதல்நாள், கொழும்பில் ஒரு சலூனில் என் தலையை அரைகுறையாக உலர்த்திவிட்டு அயர்னை வைத்தார்கள். ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தோடு ஆவி எழும்பியது. அது முடி நேராகிற அறிகுறி என்றே அன்று நினைத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு இடைநடுவில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரிந்து, சீப்பு பட்ட இடமெல்லாம் முறிந்தது. முடிக்குள் இருந்த தண்ணீர் கொதித்து, உள்ளேயே குமிழிகளை உண்டாக்கிவிட்டது. உலர்ந்த கெரட்டின் 230 பாகை செல்சியஸ் அளவில் உருக்குலையும் என்றால், ஈரமான கெரட்டினுக்கு அதைவிட மிகவும் குறைந்த, ஏறத்தாழ 150 பாகையே போதும். ஆகவே காற்றில் முக்கால்வாசி காயவிட்டு, சூட்டிலிருந்து காக்கும் சிலிக்கோன் திரவத்தை மெல்லியதாகத் தடவி, ட்ரையரால் மிதமான சூட்டில் முற்றாக உலர்த்திய பிறகே அயர்னைத் தொடுங்கள். 180 பாகைக்கு மேல் வேண்டாம்; மெல்லிய முடியென்றால் 160 போதும். சிறு சிறு கற்றையாக, ஒரு கற்றைக்கு ஒரே ஒரு இழுவை. அடுத்த தடவை கழுவும் வரை அயர்ன் அலுமாரியில் இருக்கட்டும். காலையில் கலைந்த இடங்களுக்குப் பெரிய ரோலர் இரண்டைச் சுற்றிக்கொண்டு தேநீர் குடித்து முடியுங்கள்.

கேள்வி: என் தலை எண்ணெய்ப்பசை கூடியது. கண்டிஷனர் போட்டால் அயர்ன் செய்த மறுநாளே முடி படிந்து பிசுபிசுக்கிறது. போடாமல் விட்டாலோ பஞ்சு மாதிரிப் பறக்கிறது. பாமசியில் அடுக்கி வைத்திருக்கும் போத்தல்களில் எதைப் பார்த்து வாங்குவது? விலை கூடியதைத்தான் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: உங்களுக்குத் தேவை வேறு கண்டிஷனர் அல்ல, வேறு இடத்தில் போடுவது. சுருள்முடியில் தலைத்தோல் சுரக்கும் எண்ணெய், வளைவுகளைத் தாண்டி நுனிக்கு இறங்கச் சிரமப்படும். அதனால் வேர் எண்ணெயாகவும் நுனி வறட்சியாகவும் ஒரே தலையில் இரண்டும் இருக்கும். அந்த வேருக்குக் கண்டிஷனர் தேவையே இல்லை. நுனியின் நிலை வேறு. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது என்பதால், முப்பது சென்ரிமீற்றர் நீளமான முடியின் நுனிக்கு இரண்டரை வயது. அத்தனை வெயிலும் சீப்பும் சூடும் கண்ட பகுதி அது.

கண்டிஷனர் செய்கிற வேலை என்ன என்று தெரிந்தால் வாங்குவதும் எளிது. முடியின் மேற்பரப்பு ஓட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. சூட்டாலும் உரசலாலும் செதில் பெயரும் இடங்களில் மறை மின்னேற்றம் கூடுகிறது. கண்டிஷனரில் உள்ள முக்கியப் பொருள்கள் நேர் மின்னேற்றம் கொண்டவை. ஆகவே அவை எங்கே பழுது அதிகமோ அங்கேயே அதிகமாகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. போத்தலின் பின்புறத்தில் பெஹென்ட்ரிமோனியம் குளோரைட், செட்ரிமோனியம் குளோரைட் ஆகிய பெயர்களில் ஒன்று முதல் நான்கைந்து பெயர்களுக்குள் இருந்தால் அது வேலை செய்கிற கண்டிஷனர். செட்டைல் அல்ககோல், செட்டியரில் அல்ககோல் என்பவற்றைப் பார்த்துப் பயந்து போத்தலைத் திரும்ப வைத்துவிடாதீர்கள். அவை கொழுப்பு வகையைச் சேர்ந்தவை, மென்மை தருபவை. முடியை உலர்த்துகிற மதுசாரம் வேறு. டைமெதிகோன் என்றால் அது சிலிக்கோன். நேராக்கும் முடிக்கு அது நண்பன்தான், ஆனாலும் மெல்லிய முடியில் கிழமைக்குக் கிழமை படிந்து கனத்துவிடும். உங்கள் பிசுபிசுப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்பு ஒன்றைப் பாவித்து அந்தப் படிவை இறக்கிவிடுங்கள். அன்றைக்குக் கண்டிஷனரைச் சற்று அதிகமாகப் போட்டு, சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயைச் சுற்றி இருபது நிமிடம் இருந்தால் நல்லது.

புரதம் சேர்ந்த மாஸ்க் என்று விற்பவற்றைக் கிழமைதோறும் போட வேண்டாம். அப்படிப் போட்ட பலருடைய முடி மென்மையாவதற்குப் பதிலாக விறைத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை தாராளம். விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விலை உயர்ந்த போத்தலை மிச்சம் பிடித்துப் பிடித்துத் தடவுவதைவிட, மலிவான ஒன்றை நுனி நனையும் அளவுக்குத் தாராளமாகப் பாவிப்பது மேல்.

கேள்வி: என் மகளுக்குப் பதினெட்டு வயது. தலைமுடியை நேராக்கத் தொடங்கிய பிறகு எண்ணெய் வைக்கவே விடமாட்டேன் என்கிறாள். எண்ணெய் வைத்து அயர்ன் பண்ணினால் முடி பொரிந்துவிடும் என்கிறாள். நாங்கள் சிறுவயதில் தேங்காயெண்ணெய் தேய்த்து அரப்பு வைத்து முழுகியவர்கள். தேங்காய்ப்பாலும் தேசிக்காயும் கூட வைப்போம். இதில் யார் சொல்வது சரி?
– ஒரு தாய், தெஹிவளை

பதில்: அம்மா, இருவரும் சரியாகவே சொல்கிறீர்கள். நேரம்தான் வேறு.

தேங்காயெண்ணெயைப் பற்றி நம் வீடுகளில் சொல்லி வந்தது வெறும் நம்பிக்கை அல்ல. 2003 ஆம் ஆண்டு இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் முடியில் பூசிச் சோதித்தார்கள். கழுவும்போதும் சீவும்போதும் முடி இழக்கும் புரதத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதன் கொழுப்பில் ஏறத்தாழ அரைவாசி லோரிக் அமிலம். அந்த மூலக்கூறு சிறியது, நேரானது. செதில்களைக் கடந்து முடியின் உள்ளே போகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால், தண்ணீரைக் குடித்து உப்பிப் பின் காய்ந்து சுருங்குகிற வேலை குறையும். சூட்டால் களைத்த முடிக்கு, கழுவுவதற்கு முன்பு கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த காப்பு அது. ஆகவே சனி இரவு, உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் தேய்த்துச் சூடாக்கி, காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும் தடவிப் பின்னி விடுங்கள். ஞாயிறு கழுவட்டும். பொடுகு இருந்தால் தலைத்தோலுக்கு எண்ணெய் வேண்டாம். அது முன்னே சொன்ன பங்கசுவுக்கு விருந்து வைப்பதாகிவிடும்.

கழுவிய பிறகு எண்ணெய் தடவி அயர்ன் பண்ணக் கூடாது என்று மகள் சொல்வது முழுக்கச் சரி. அதில் அவர் பக்கமே நிற்கிறேன்.

அரப்பு நன்றாக அழுக்கு எடுக்கும். ஆனால் அதன் தூள் சுருள்முடிக்குள் தங்கி, சீப்பு இழுக்கும்போது மணலைப்போல உரசும். வைப்பதானால் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்த தெளிவை மட்டும் வையுங்கள். தேங்காய்ப்பாலையும் அப்படியே வடித்து, ஷாம்புவுக்கு முன் வைத்து நன்றாக அலசினால் தீங்கில்லை. தேசிக்காய் விடயத்தில் நான் உங்களோடு உடன்பட மாட்டேன். முடிக்குச் சற்று அமிலத்தன்மை பிடிக்கும், அதன் பீ.எச். அளவு (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 3.7. சவர்க்காரம் 9, 10 என்று காரமாக இருப்பதனால்தான் சவர்க்காரத்தால் தலை கழுவினால் முடி முரடாகிறது. அப்படிச் சவர்க்காரமும் அரப்பும் மட்டுமே பாவித்த காலத்தில் கடைசியில் சற்றுப் புளிப்பு நீர் விடுவது பொருத்தமாக இருந்தது. இன்றைய ஷாம்புகள் பலவும் கண்டிஷனரும் அந்தச் சமநிலையை ஏற்கெனவே கொண்டவை. தேசிக்காய்ச் சாறு 2 அளவில் உள்ள கடும் புளிப்பு. சூடுபட்ட தலைத்தோலில் எரியும், வெயிலில் தோலைக் கறுக்கவும் செய்யும். அது சமையலறையில் இருக்கட்டும்.

கேள்வி: வேலைக்குப் போகும் அவசரத்தில் ஈரமான தலையை முடிந்து ஹிஜாப் கட்டிக்கொள்கிறேன். மாலையில் அவிழ்க்கும்போது நேராக்கிய முடி மடிந்து சுருண்டிருக்கிறது, மணமும் வருகிறது.
– ஒரு வாசகி, மருதானை

பதில்: ஈரமான முடி இழுவைக்கு நீளும், அப்படி நீண்ட நிலையில் முடிச்சாகக் கட்டினால் அந்த இடத்திலேயே முறியும். மணத்துக்குக் காரணம் காற்றுப் படாத ஈரம். ஆகவே தலை கழுவுவதை இரவுக்கு, அல்லது விடுமுறை நாளுக்கு மாற்றுங்கள், சகோதரி. காலையில் கழுவவே வேண்டாம். உள்ளே கட்டும் சிறு தொப்பி பருத்தியாக இருந்தால் அதற்குப் பதிலாக ‘சட்டின்’ என்னும் வழுவழுப்பான துணியில் தைத்துக்கொள்ளுங்கள். முடியை உச்சியில் இறுக்கி முடியாமல், தாழ்வான தளர்ந்த பின்னலாக விடுங்கள்.

சட்டின் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சுருள்முடியைச் சூட்டால் நேராக்கி, கழுவி, மீண்டும் நேராக்கி வாழ்கிற அனுபவத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு நிகர் எவரும் இல்லை. அடுப்பில் சூடாக்கிய இரும்புச் சீப்பால் வாரிய காலத்திலிருந்து தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த அறிவு அது. அவர்கள் இரவில் முடியைத் தலையைச் சுற்றி ஒரே திசையில் வாரிப் படியவைத்து, அதன்மேல் பட்டுத் துணியோ சட்டினோ கட்டித் தூங்குகிறார்கள். காலையில் அவிழ்த்தால் அயர்ன் தேவைப்படாமலே நேராக விழும். நம்முடைய முடி அவர்களுடையதைவிடப் பெரும்பாலும் தளர்ந்த சுருள் என்றாலும், இந்த முறை நமக்கும் அப்படியே பொருந்தும். முதல் கேள்வி கேட்ட வெள்ளவத்தைச் சகோதரியும் இதைச் செய்து பார்க்கலாம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுக்குப் போய் இரண்டு கிழமை நின்று வந்தால் முடி நார் மாதிரி ஆகிவிடுகிறது. கொழும்பில் பாவிக்கிற அதே ஷாம்பு, அதே கண்டிஷனர்தான் அங்கும்.
– ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: மாறியது தண்ணீர். கொழும்புக் குழாய்களில் வருவது களனி கங்கையின் நீரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் நீரும். அது மென்னீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. அதிலுள்ள கல்சியம் முடியில் படிந்து, செதில்களைச் சொரசொரப்பாக்குகிறது. அந்தப் படிவோடு அயர்ன் பண்ணினால் முடி வழுக்காமல் இழுபடும். போகும்போது ஈ.டீ.டீ.ஏ. என்ற பெயர் உள்ள ஷாம்பு ஒன்றைக் கொண்டுபோங்கள், அது கல்சியத்தைப் பிடித்து இறக்கும். கடைசி அலசலுக்கு, சேகரித்த மழைநீர் அல்லது வடிகட்டிய நீர் ஒரு வாளி கிடைத்தால் போதும். அங்கிருக்கும் இரண்டு கிழமையும் முடியைச் சுருளாகவே விட்டுப் பின்னிக்கொள்வீர்களானால் இன்னும் மகிழ்வேன்.

கேள்வி: கிழமைதோறும் கழுவி அயர்ன் பண்ணுவதைவிட, சலூனில் கெரட்டின் செய்துகொண்டால் மூன்று நான்கு மாதத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, மட்டக்குளி

பதில்: என் சொந்தத் தங்கைக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: வேண்டாம். பெயர் கெரட்டின் என்றாலும், அந்தச் சிகிச்சைகள் பலவற்றில் முடியை நேராகப் பிடித்து வைப்பது ஃபோமல்டிஹைட், அல்லது சூடாக்கும்போது அதை வெளிவிடும் பொருள். மெத்திலீன் கிளைக்கோல், ஃபோமலின் என்று எழுதியிருந்தாலும் அதே சங்கதிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக உறுதிப்பட்ட பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. கண் எரிந்து, தொண்டை கரகரத்து, சலூன் கதவைத் திறந்துவிடச் சொன்னோம் என்று எழுதுகிறவர்கள் சுவாசித்தது அந்த ஆவியைத்தான். அதை நாள் முழுக்கச் சுவாசிப்பவர்கள் அங்கே வேலை செய்யும் பிள்ளைகள். ஃபோமல்டிஹைட் இல்லை என்று விளம்பரப்படுத்தும் சிலவற்றில் கிளையொக்சிலிக் அமிலம் இருக்கிறது. அத்தகைய கிரீம் பூசிக்கொண்ட ஒவ்வொரு முறையும், மூன்று தடவை, சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இருபத்தாறு வயதுப் பெண்ணொருவரைப் பற்றி 2024 ஆம் ஆண்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வைத்தியர்கள் எழுதினார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இந்தப் பக்கமே போகக் கூடாது. சூட்டால் நேராக்குவதில் பிழை செய்தால் முடியோடு போகும்.

கேள்வி: மூன்று வருடமாக அயர்ன் பண்ணுகிறேன். இப்போது தலை கழுவிய பின்பும் முன்பக்க முடி சுருளாமல் நேராகவே தொங்குகிறது. பின்பக்கம் பழையபடி சுருள்கிறது. எந்தக் கண்டிஷனர் போட்டால் முன்பக்கத்துச் சுருள் திரும்பி வரும்?
– ஒரு வாசகி, கிருலப்பனை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. பலர் இதை நல்ல செய்தி என்று எண்ணி, ‘இப்போது கழுவினாலும் நேராகவே இருக்கிறது’ என்று மகிழ்கிறார்கள். நீங்கள் கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். சுருளுக்குப் பொறுப்பான புரத அமைப்பே அந்த இடத்தில் சூட்டால் சிதைந்துவிட்டது. முடி உயிரற்ற பொருள் ஆகையால் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. எந்தக் கண்டிஷனரும், என்ன விலை கொடுத்தாலும், அந்தச் சுருளைத் திருப்பித் தராது. போத்தலின்மேல் அப்படி எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

பழுது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கழுவும் நாளில் சீப்போடு வருகிற முடிகளில் நெற்றிப்பக்கம் ஒன்று, உச்சி ஒன்று, பிடரி ஒன்று என்று மூன்றை எடுத்து, வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். நல்ல முடி ஐந்து நிமிடத்துக்குள் மெதுவாக வளைந்து, சிறு நாகக்குட்டி சுருண்டு படுப்பது போலத் தன் பழைய வடிவத்துக்கு வரும். பழுதானது ஊசியைப் போல அப்படியே கிடக்கும். பாதி சுருண்டு பாதி நேராகக் கிடக்கிற முடியும் இருக்கும். நேராகக் கிடக்கும் பாதியின் நீளம்தான் நீங்கள் காலப்போக்கில் வெட்டி எடுக்க வேண்டிய நீளம். அயர்ன் செய்கிற எவரும் இதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. கழுவாமல் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்தச் செய்தி மிகவும் தாமதித்தே தெரிய வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டச் சொல்ல மாட்டேன். முன்பக்கத்துக்கு இன்றிலிருந்து அயர்னை நிறுத்துங்கள். முழுத் தலையையும் நேராக வைத்திருக்க விரும்பினால், முன்பக்கத்தை மட்டும் ஈரத்தில் பெரிய ரோலரில் சுற்றிக் காற்றில் காயவிடுங்கள். முழுதும் காய நேரமெடுக்கும், ஆகவே சனி மாலையில் தொடங்குங்கள். கண்டிஷனரால் ஒரு முக்கியமான பயன் உங்களுக்கு உண்டு. புதிதாக வளரும் சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கிற இடம்தான் எளிதில் முறியும் இடம். கண்டிஷனரை அந்த இடத்தில் விரலால் தடவி, சீப்பு அங்கே சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சென்ரிமீற்றர் வெட்டி வந்தால், வளரும் அளவே வெட்டும் அளவும் ஆகையால் நீளம் குறைவது தெரியாது.

அடுத்த முறை கழுவும்போது, கண்டிஷனரை அலசிய கையோடு, நெற்றியோரத்தில் வேரிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தைக் கண்ணாடியில் பாருங்கள். அங்கே சிறு வளைவு தெரிந்தால் அது சூடு படாத உங்கள் புது முடி. அந்த வளைவு காது மட்டத்துக்கு இறங்கும் வரை அயர்னை அதன்மேல் வைக்க வேண்டாம்.